மணாலி முதல் லே வரை: பழைய டீசல் வண்டியில் ஒரு மலைப்பயணம்



டெல்லி, சண்டிகர், லூதியானா போன்ற வடநாட்டு நகரங்களில் வேலைக்காகக் குடியேறியிருக்கும் நமது குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை வந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரயிலேறி ஊருக்குப் போவது, மற்றொன்று மலையேறுவது. உங்களில் சிலர் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, அதில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பொருத்தி, வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றி இமயமலைக்குப் புறப்பட விரும்பக்கூடும். நல்ல விருப்பம்தான். ஆயினும் மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் பாதை உல்லாசப் பாதை மட்டுமல்ல. வண்டியின் ஒவ்வொரு உறுப்பையும் சோதித்துப் பார்க்கும் பாதையும்கூட. அந்த வண்டிக்குள் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் உறங்குவார்கள் என்பதை நினைவிற்கொண்டு இதை வாசியுங்கள்.

புறப்படுமுன் இரண்டு காரியங்கள்

முதலாவது, சட்டம். வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே வேனை வீடாக மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறுங்கள். டெல்லி சுற்றுவட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாதென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன்பின்னும் இந்த விஷயத்தில் உத்தரவுகள் மாறி வந்துள்ளன. எனவே பழைய வண்டிக்கு முன்பணம் கொடுக்குமுன் அன்றைய நிலவரத்தைக் கேட்டறிவது அவசியம்.

இரண்டாவது, பாரம். கட்டில், அலமாரி, எரிவாயு உருளை, 100 லிட்டர் தண்ணீர், சமையல் சாமான்கள் எல்லாம் சேர்ந்து பல நூறு கிலோ ஆகிவிடும். சமவெளியில் இந்தப் பாரம் தெரியாது. மலையில் கிளட்ச், பிரேக், ஸ்பிரிங் பட்டைகள், டயர் ஆகிய அனைத்தும் அதை உணரும். தேவையற்றதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சுரங்கம் தாண்டித் தண்டி வரை

மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. முற்காலத்தில் அங்கிருந்து புறப்படும் வண்டிகள் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாயை ஏறிக் கடந்தாக வேண்டும்; பழைய இஞ்சின்கள் பல அந்த ஏற்றத்திலேயே கொதித்து நின்றன. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளமுடையது. மணாலிக்கும் லே நகருக்கும் இடையிலான தூரத்தை அது 46 கிலோமீட்டர் குறைத்தது. சுரங்கத்தின் மறுமுனையில் லாஹௌல் பள்ளத்தாக்கு விரிகிறது. பசுமை குறைந்து, உயர்ந்த பாறைகளும் பனிமுடிகளும் உங்களை வரவேற்கும்.

தண்டி என்ற இடத்தில் சந்திரா, பாகா என்னும் இரு ஆறுகள் கூடுகின்றன. அவை சேர்ந்து செனாப் நதியாகின்றன. அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று எச்சரித்த அறிவிப்புப் பலகையால் தண்டி பிரயாணிகளிடையே பெயர்பெற்றது. இங்கே டாங்கை நிரப்பாமல் எவரும் போகலாகாது. கணக்கிட்டுப் பாருங்கள்: சமவெளியில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டி மலையில் 7 கிலோமீட்டர் தந்தால் 365 கிலோமீட்டருக்கு 52 லிட்டர் தேவை. டாங்கின் கொள்ளளவு 60 லிட்டர் என்றால் மிஞ்சுவது 8 லிட்டர் மட்டுமே. மறியலிலோ மண்சரிவிலோ திரும்ப நேர்ந்தால் அது போதாது. ஆகவே நல்ல மூடியுள்ள கேனில் 20 லிட்டராவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேன் படுக்கை அறைக்குள் இருக்கக்கூடாது.

முதல் இரவைக் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ, அதாவது ஏறக்குறைய 3,100 அல்லது 3,200 மீட்டர் உயரத்தில், கழிப்பது நலம். இஞ்சினைப் போலவே நமது நுரையீரலும் குறைந்த காற்றுக்குப் பழக வேண்டும்.

காற்று குறையும்போது நடப்பது என்ன?

தார்ச்சாவைக் கடந்தபின் பாதை பாரலாச்சா லா கணவாயை நோக்கி ஏறுகிறது. அதன் உயரம் ஏறக்குறைய 4,890 மீட்டர். பாகா நதி பிறக்கும் சூரஜ் தால் ஏரி இதன் அருகே நீல நிறத்தில் காட்சியளிக்கிறது. அதை ரசிக்கும் வேளையில் உங்கள் வண்டி மூச்சுத்திணறிக்கொண்டிருக்கும். டர்போ இல்லாத டீசல் இஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்திற்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கிறது. 5,000 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான சக்தி போய்விடும். டீசல் பம்போ முன்போலவே எரிபொருளைத் தள்ளும். அதை எரிக்கப் போதிய காற்று இல்லாததால் கரும்புகை வரும். ஆக்சிலேட்டரை மேலும் அழுத்துவதால் புகையும் சூடும் கூடுமே தவிர வேகம் கூடாது. கீழ் கியருக்கு மாற்றி நிதானமாய் ஏறுங்கள். புறப்படுமுன் ஏர் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரும் கவனத்திற்குரியது. இந்த உயரத்தில் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநிலையை உயர்த்தி வைப்பது ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம்தான். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் ஊரில் ஒழுங்காய் ஓடிய வண்டி இங்கே கொதிக்கும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் புதிய மூடி ஒரு ஹெட் கேஸ்கட்டையே காப்பாற்றலாம். சூடாயிருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும். வெறும் தண்ணீர் இரவில் உறைந்து இஞ்சினைப் பிளக்கக்கூடும். ஆகவே கூலன்ட் சரியான அளவில் கலந்திருக்கட்டும்.

இன்னொரு காரியத்தைப் பலர் அறியார். பழைய டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. காற்றழுத்தம் பாதியாகும் இடத்தில் அந்த உதவியும் ஏறக்குறைய பாதியாகிறது. பெடல் கடினமாகத் தோன்றும். பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். இதே இடங்களில்தான் நீண்ட இறக்கங்களும் வருகின்றன. ஆகவே ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் சூட்டில் கொதித்து, பெடல் காலடியில் அமிழ்ந்துபோகும். புறப்படுமுன் அதை முழுவதும் மாற்றுவது கட்டாயம்.

வழியில் நின்றுபோனால்

சர்ச்சுவைக் கடந்து, 21 கொண்டையூசி வளைவுகளுள்ள கட்டா லூப்ஸில் ஏறி, லாச்சுலுங் லாவைத் தாண்டி, பாங், மோரே சமவெளி வழியாய்ச் செல்லும் பாதையில் மெக்கானிக் கிடைப்பது அரிது. பழைய இஞ்சினின் நன்மை இங்கேதான் விளங்கும். கணினி இல்லாத அந்த இஞ்சினைக் கைக்கருவிகளாலேயே சீர்செய்யலாம்.

ஓடிய வண்டி இருமி நின்றால் பெரும்பாலும் டீசல் குழாயில் ஏர் பிடித்திருக்கும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் மிகக் குறைவு. பழைய பம்ப்களின் ரப்பர் வளையங்கள் அதில் சுருங்கி, கசிவு உண்டாவதுண்டு. வெடித்த ரப்பர் குழாயையும் தளர்ந்த கிளிப்பையும் முதலில் தேடுங்கள். பிறகு ஃபில்டரின் மேலுள்ள ஏர் எடுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரையின்றி டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பழகுங்கள். மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள்.

பிற்பகலில் பனி உருகுவதால் சாலையைக் கடக்கும் ஓடைகள் பெருகும். அவற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். தண்ணீருக்குள் இஞ்சின் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கடுங்குளிரில் சாதாரண டீசலில் மெழுகு படிந்து ஃபில்டர் அடைபடும். இதற்காகவே 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கிற்கென மைனஸ் 33 டிகிரியிலும் ஓடக்கூடிய குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. கோடைப் பயணத்தில் இந்தத் தொல்லை அரிது. எவர் சொன்னாலும் டாங்கின் அடியில் நெருப்பு மூட்டாதீர்கள். வெயில் ஏறும்வரை காத்திருங்கள்.

பேன் பெல்ட், டீசல் ஃபில்டர் இரண்டு, ரப்பர் குழாய், கிளிப்புகள், ரேடியேட்டர் மூடி, கிளட்ச் கேபிள், பியூஸ்கள், பிரேக் ஆயில், இஞ்சின் ஆயில், சக்கரத்திற்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டைகள்: இவை உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

உறங்கும் வேளையில்

குளிருக்குப் பயந்து, மூடிய வண்டிக்குள் அடுப்பையோ கரியையோ எரியவிட்டு உறங்காதீர்கள். இஞ்சினையும் ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ வாசனையோ இல்லை, உறங்குகிறவர் விழிப்பதில்லை. கனத்த கம்பளிகளும் சற்றே திறந்த ஜன்னலும் போதும். தலைவலி கடுமையாகி, வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உயரநோய் முற்றுகிறதென்று அறிந்து, விடியும்வரை காத்திராமல் கீழே இறங்குங்கள். ஆக்சிஜன் உருளை உதவும். ஆனால் இறங்குவதற்கு அது ஈடாகாது.

5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங் லாவைத் தாண்டி இறங்கினால் உப்ஷியில் சிந்து நதியைக் காண்பீர்கள். பாறைகளின் நடுவே வாற்கோதுமை வயல்களும் நெட்டிலிங்கம் போல் நிமிர்ந்த பாப்லர் மரங்களும் கண்ணைக் குளிர்விக்கும். அங்கிருந்து லே நகர் தூரமில்லை.

ஆனால் அருமையானவர்களே, எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்தே ஆகவேண்டுமென்பதில்லை. ஜிஸ்பாவில் தங்கும் இரவில் ஆயில் கசிவையும், பிரேக்கையும், பிள்ளைகளின் முகத்தையும் பாருங்கள். ஏதேனும் ஒன்றில் சந்தேகம் வந்தால் காலையில் மணாலிக்கே திரும்புங்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதைக் காண நீங்களும் இருக்க வேண்டும். உங்கள் பிரயாணம் சுகமாய் அமைவதாக.