ஒரு மாடிப்படி தூரம்

2004ஆம் ஆண்டில் ஒரு பிற்பகல். வயதான தாய் ஒருவர் எமது பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். 1996இல் அவருடைய மகன் காணாமற்போனபோது நான் எழுதிய சிறு செய்தியின் பிரதி அவருக்குத் தேவைப்பட்டது. "தம்பி, பேப்பரில போட்டது நீங்கள்தானே?" என்று கேட்டார்.

கட்டிவைத்திருந்த பழைய பத்திரிகைகளைக் கறையான் அரித்திருந்தது. திகதியைக் கொண்டு ஒரு பிளொப்பி டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்து கிடந்தன. "பழுதாய்ப் போச்சுது அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அது பழுதாகவில்லை என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். பாமினி போன்ற அக்கால எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தே தெரியும். எந்த எழுத்துக்கு எது என்ற அட்டவணை இருந்தால், சில நிமிடங்களில் யுனிகோடுக்கு மாற்றிவிடலாம். இதை எனக்கு விளக்கியவர், 2004இல் அதே கட்டடத்தின் மேல்மாடியில் இணையப் பகுதியில் வேலைசெய்த இளைஞர். "நீங்கள் ஒருநாளும் கேட்கேல்லையே அண்ணை" என்றார். ஆசிரியபீடத்தில் இருந்த எமக்கு அவர்கள் 'கொம்பியூட்டர் பெடியள்'. அவ்வளவுதான். அவர் விளக்கிய வேளையில் அலுவலகம் இடம் மாறி, டிஸ்க்குகள் குப்பைக்குப் போய்விட்டிருந்தன.

இந்தச் சுவரை உடைக்கவே 2009இல் அமெரிக்காவில் ஹக்ஸ்/ஹக்கர்ஸ் என்ற சந்திப்புகள் தொடங்கின. ஹக் என்பது பத்திரிகையாளரைக் கேலியாகக் குறிக்கும் சொல். ஹக்கர் இங்கே திருடர் அல்லர், நிரல் எழுதுபவர். அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளராக இருந்த பேர்ட் ஹேர்மன் அதன் நிறுவனர்களில் ஒருவர். பின்னர் பல நாடுகளின் நகரங்களுக்கும் அது பரவியது.

இருவரும் அருகருகே இருந்தால் என்ன விளையும் என்பதற்கு அதற்கும் முந்திய சான்று ஒன்று உண்டு. கன்சாஸ் மாநிலத்தின் லோரன்ஸ் என்ற சிறு நகரப் பத்திரிகையில் 2003இல் ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரு நிரலாளர்கள் பணியாற்றினர். ஹொலொவாட்டி பத்திரிகைத்துறை பயின்றவர். செய்தியறையின் அவசரத்துக்கு ஈடுகொடுக்க அவர்கள் எழுதத் தொடங்கிய நிரல்களே 2005இல் ஜாங்கோ என்ற பெயரில் இலவசமாக வெளிவந்தன. இன்ஸ்டகிராம் அதன்மீதுதான் கட்டப்பட்டது. ஓர் உள்ளூர்ப் பத்திரிகையின் தேவை உலகத்துக்கே கருவியாயிற்று.

எம்மவரிடமும் ஆளுக்குப் பஞ்சமில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் தன்னார்வலர்களின் உழைப்பால் எண்ணிம வடிவில் காத்துவருகிறது. ஆனால் செய்தியறைகளில் அந்த மாடிப்படி இன்னமும் ஏறப்படாமலே கிடக்கிறது.

பெரிய மண்டபமோ மங்கள விளக்கோ வேண்டாம். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ரொறன்ரோவிலோ மாதம் ஒருமுறை ஒரு மேசை, தேநீர் போதும். பத்திரிகையாளர் தம்மால் தீர்க்க முடியாத ஒன்றைக் கொண்டுவரட்டும். நிரலாளர் அதைத் திறந்து பார்க்கட்டும். கிடைத்ததை வாசகருக்கு விளங்கும்படி எப்படிக் காட்டுவது என்று வடிவமைப்பாளர் சொல்லட்டும். தனக்குத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்வதுதான் அங்கே நுழைவுக் கட்டணம்.

அன்று அதை நான் செலுத்தவில்லை. அந்தத் தாய் வெறுங்கையுடன் படியிறங்கிப் போனார்.