கண்டியில் கண்ட கண்ணகி

முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்கா மகளின் சிகிச்சைக்காகக் கண்டிக்கு வந்திருந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். 2009 இல் அவருடைய மூத்த மகன் காணாமல் போனவன். கிளினிக் முடிந்தும் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், மூவரும் வாவிக்கரையால் நடந்து தலதா மாளிகைப் பக்கம் வந்தோம்.

மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம் இருக்கிறது. அன்று புதன்கிழமை. புதனும் சனியும் அங்கே விசேட பூசை நாட்கள். சிங்களப் பெண்கள் பழத்தட்டு ஏந்தி நின்றார்கள். ஒரு தாய் காசைத் துணியில் முடிந்து கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"இது ஆற்ற கோயில், தங்கச்சி?"

"எங்கட கண்ணகி அம்மன்தான் அக்கா. இவையள் பத்தினி எண்டு கும்பிடினம்."

அக்கா அப்படியே நின்றுவிட்டார். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர்.

"பங்கருக்குள்ள இருந்து எத்தினை தரம் அவவைக் கூப்பிட்டனான். கேக்கேல்லையே. அதுக்குப் பிறகு நான் கோயில் வாசல் மிதிக்கேல்லை."

சமூகவியல் படித்த என்னிடம் இதற்குப் பதில் இல்லை. கண்ணகியின் கதைதான் நினைவுக்கு வந்தது. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்தவள், விதி என்று முடங்கிவிடாமல் மிஞ்சிய ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போய் நீதி கேட்டாள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாரும் அதைத்தானே செய்தார்கள்? அப்படி அழுது கேட்டவளையே இரண்டு இனமும் தெய்வமாக வைத்திருக்கின்றன.

இந்த இடமும் துயரம் அறியாததல்ல. 1998 ஜனவரி 25 ஆம் திகதி மாளிகை வாசலில் குண்டு வெடித்துப் பலர் இறந்தனர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

நான் சொன்னதைக் கேட்டு அக்கா ஒன்றும் பேசவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. காசு முடிந்த அந்தத் தாய் இதைக் கண்டுவிட்டுத் தன் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மகளோடு உள்ளே போனார்.

திரும்பும்போது பஸ்ஸில், "வாற வைகாசிக்கு வற்றாப்பளைக்குப் போகவேணும். அவவிட்டக் கேக்க வேண்டியது கனக்கக் கிடக்கு" என்றார்.

சகோதரிகளே, கடவுளோடு கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பவர்கள் நம்மில் பலர். அந்தக் கோபத்தோடேயே உள்ளே போகலாம். நம்பிக்கை உள்ள இடத்தில்தானே நாம் நியாயம் கேட்கிறோம்?