ரெஸ்ட் கிவர் வந்த நாள்

எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி மரியாதை கிடையாது. ரெஸ்ட் கிவர் வருகிற நாள்தான் எங்களுக்கு ஞாயிறு. அது செவ்வாயாக இருக்கும். ரோஸ்டர் மாறினால் வியாழனாகிவிடும். எழுபதுகளின் தொடக்கம் அது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை போகிற மீட்டர் கேஜ் பாதையில், அம்பாசமுத்திரம் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். பிளாட்பாரத்துக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே ஒரு வேப்பமரம், ஒரு கிணறு, அவ்வளவுதான். அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அனுமதி, கேட்டு மணி அடித்தால் எங்கள் அடுப்படி வரை கேட்கும்.

ரெஸ்ட் கிவர் யார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். வண்டி வருகிற ஸ்டேஷனைப் பூட்டிவிட்டு யாரும் லீவு போட முடியாது. அதனால் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு வார ஓய்வு கொடுப்பதற்கென்றே ரயில்வே ஒரு ஆளைப் பதவியில் வைத்திருந்தது. இன்றைக்கு எங்கள் ஊர், நாளைக்குப் பாவூர்சத்திரம் பக்கம், மறுநாள் இன்னொரு ஊர் என்று பாதை நெடுக அவர் போய்க்கொண்டே இருப்பார். போகிற ஊரில் எல்லாம் ஒருவருக்கு அன்று ஓய்வு. அவருக்கும் ஒரு நாள் ஓய்வு ரோஸ்டரிலேயே எழுதியிருக்கும். நீண்ட லீவு என்றால் லீவ் ரிசர்வ் என்று தனி ஆட்கள் உண்டு.

எங்களுக்கு வந்துகொண்டிருந்தவர் பச்சைத் தகரப்பெட்டியும் குடையுமாகக் காலைப் பாசஞ்சரில் இறங்குவார். அம்மா அவரை அண்ணாச்சி என்பாள், எங்களுக்கு மாமா. பெட்டிக்குள் ஒரு ஸ்டவ், ஒரு செட் வெள்ளைச் சட்டை, விபூதிப்பை, எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய். எந்த ஸ்டேஷனில் யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்தக் குவார்ட்டர்ஸ் கிணறு வற்றியது என்று பாதையின் சேதி முழுக்க அவரிடம் கிடைக்கும். ஆனால் அவர் முதலில் வீட்டுக்கு வரமாட்டார். நேரே ஸ்டேஷன் அறைக்குத்தான் போவார். அங்கே சார்ஜ் மாற வேண்டும்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்ப்பது எனக்கு ஒரு திருவிழா. அப்பா டைரியை விரித்து வைத்துச் சொல்லிக்கொண்டே போவார். இரண்டு பக்கமும் எந்த வண்டி எங்கே நிற்கிறது, நீல்ஸ் டோக்கன் கருவிகளில் எந்தப் பக்கம் லைன் கிளியர் கொடுத்திருக்கிறது, எந்த சிக்னல் விளக்கு இரவில் சரியாக எரியவில்லை. பிறகு கைப்பணத்தை எண்ணுவார்கள். அட்டை டிக்கெட்டுகளின் அடுத்த நம்பரை ஊருக்கு ஊர் படித்துச் சரிபார்ப்பார்கள். பனிமூட்டத்தில் தண்டவாளத்தில் வைக்கிற டெட்டனேட்டர்களைக்கூட எண்ணித்தான் ஒப்படைக்க வேண்டும். கடைசியில் கருவியின் சாவி கை மாறும். அப்பா கையெழுத்து ஒன்று, அவர் கையெழுத்து ஒன்று, பக்கத்தில் மணி, நிமிடம். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வெளியே வருகிற அப்பா, உள்ளே போன அப்பா இல்லை. வேப்பமரத்தடிக்கு வருவதற்குள் சட்டையின் மேல் பித்தான் இரண்டும் கழன்றிருக்கும்.

அதற்குப் பிறகுதான் அதிசயம். மணி அடிக்கும், அப்பா திரும்பிப் பார்க்க மாட்டார். தாமதமாக வருகிற வண்டி நீளமாக விசில் கொடுக்கும். அப்பா முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பாயிண்ட்ஸ்மேன் ஓடி வந்தார்.

"ஐயா, கண்ட்ரோல்ல ஏதோ கேக்காங்க."

"சார்ஜ் அவர்ட்ட இருக்கு. அவர்ட்டச் சொல்லு."

"இல்லய்யா, நீங்க ஒரு எட்டு வந்தா..."

"ரெண்டு பேரு கைவச்சா வண்டி ரெண்டும் மோதிக்கிடும். போ."

இதை வீம்பு என்று அப்போது நினைத்தேன். அப்பா சொன்னது ரயில்வேயின் அடிப்படைப் பாடம் என்பது பிறகுதான் விளங்கியது. ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் டோக்கன். ஒரு நேரத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்குத்தான் சாவி. சார்ஜ் கொடுத்துவிட்டவர் கருவியைத் தொடுவது உதவி இல்லை, குற்றம். அந்த விதியே அப்பாவுக்கு நிம்மதியைக் கொடுத்தது. தான் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்ற எண்ணத்துக்கு அவர் மனதில் இடமே இருக்கவில்லை. நடந்துகொண்டிருப்பது வீட்டு வாசலிலிருந்தே தெரிந்தது.

இந்த ஓய்வு யாரும் பெருந்தன்மையாகக் கொடுத்ததும் இல்லை. 1919-இல் வாஷிங்டனிலும் 1921-இல் ஜெனீவாவிலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செய்த உடன்படிக்கைகளை ஒட்டி, 1930-இல் ரயில்வே சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வேலை நேரத்துக்கும் வார ஓய்வுக்கும் சட்டத்தில் இடம் வந்தது. 1947-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தந்த தீர்ப்பு அதை விரிவாக்கியது. 1974 மே மாத வேலைநிறுத்தத்திலும் இன்ஜின் ஓட்டுகிறவர்களின் 8 மணி நேரக் கோரிக்கை முன்வரிசையில் நின்றது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, தொடர் வேலைக்காரருக்கு வாரம் ஒருமுறை தொடர்ச்சியாக 30 மணி நேரம் ஓய்வு. விட்டுவிட்டு வேலை வருகிற இடங்களில் ஒரு முழு இரவும் சேர்த்து 24 மணி நேரம். அப்பாவின் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சின்ன ஸ்டேஷன்களில் 12 மணி நேர டூட்டி சாதாரணம். ஆனால் ஓய்வு என்று எழுதிய நேரம் ஓய்வாகவே இருந்தது.

கோடையில் அப்பா எல்.ஏ.பி. போடுவார். ரயில்வேக்காரர் பாஷையில் அது முழுச் சம்பள விடுப்பு. பாஸ் வாங்கிக்கொண்டு ஆச்சி ஊருக்குப் போவோம். அந்தத் தாமிரபரணிக் கரை ஊரில் போன் கிடையாது. தந்தி வந்தால் உண்டு; அதுவும் சாவுச் செய்தியாகத்தான் வரும் என்று ஊரே பயப்படும். முதல் இரண்டு இரவு அப்பாவுக்குத் தூக்கம் பிடிக்காது. நடுராத்திரி திண்ணையில் எழுந்து உட்கார்ந்து, "இந்நேரம் கூட்ஸ் போயிருக்கும்" என்பார். மூன்றாம் நாள் கைக்கடிகாரம் மாடக்குழிக்குப் போய்விடும். ஆற்றுக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டும். சித்தப்பாவோடு சீட்டாடுவார்; தோற்றால் சத்தம் போடுவார். டூட்டியில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அம்மாவுக்கு ரெஸ்ட் கிவர் யாரும் இல்லை. அப்பாவின் ஓய்வு நாளில் அவளுக்கு வேலை கூடும். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சமைக்க வேண்டுமே. ஆச்சி வீட்டில்தான் அவள் கை ஓயும். போய்ச் சேர்ந்த அன்றே ஆச்சி கரண்டியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வாள். அம்மா அடுப்படிக்குள் நுழைந்தால், "போ, போயி முத்தத்துல உக்காரு" என்று விரட்டுவாள். கையெழுத்து இல்லாத சார்ஜ் மாற்றம். ஆச்சி போன பிறகு அம்மாவுக்கு அதுவும் இல்லாமல் போனது.

நான் வங்கிக்குப் போனேன். அங்கேயும் இதே பாடம் வேறு உருவில் இருந்தது. பெட்டக அறைக்கு இரட்டைச் சாவி; ஒன்று கேஷியரிடம், ஒன்று அதிகாரியிடம். லீவு போடுகிறவர் சாவிப் பதிவேட்டில் எழுதி ஒப்படைக்காமல் ஊருக்குக் கிளம்ப முடியாது. ஒப்படைத்த பிறகு அவரைத் தேடி யாரும் வரவும் முடியாது. வந்து என்ன பயன், சாவி இன்னொருவர் இடுப்பில். 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதை இன்னும் இறுக்கியது. முக்கியப் பொறுப்புகளில் இருக்கும் வங்கி ஊழியரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போலக் குறைந்தது 10 வேலைநாள் லீவில் அனுப்ப வேண்டும். அலுவலகத்தின் பொதுவான மின்னஞ்சலைத் தவிர வேலை தொடர்பான எதையும் அவர் நேரிலோ கணினி வழியாகவோ தொடக்கூடாது. ஊழியரின் உடல்நலத்தை எண்ணிப் போட்ட உத்தரவு இல்லை இது. நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால்தான் தில்லுமுல்லு வெளியே வரும் என்ற கணக்கு. ஆனாலும் நம் நாட்டில் எனக்குத் தெரிந்த ஆகப் பூரணமான லீவு இதுதான்.

அந்த மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதை ஆகிவிட்டது. டோக்கன் உருண்டையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி ஓடும் இன்ஜினுக்கு நீட்டுகிற காட்சி போயிற்று. மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

சென்ற சாரல் சீசனில் என் மகள் குற்றாலத்துக்கு வந்தாள். சென்னையில் மென்பொருள் வேலை. ஐந்தருவிக்குப் போகும்போதும் லேப்டாப் பை தோளில். அருவிக்கரையில் என்னிடம் பையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனவள், தலையைத் துவட்டுவதற்கு முன் போனைத் தேடினாள்.

"சார்ஜ் யார்ட்டக் குடுத்துட்டு வந்த?" என்று கேட்டேன்.

"அப்படில்லாம் கிடையாதுப்பா. அவுட் ஆஃப் ஆபீஸ் போட்டிருக்கேன்."

காட்டினாள். லீவில் இருக்கிறேன், அவசரமென்றால் இந்த எண்ணில் அழையுங்கள் என்று இருந்தது. எண் அவளுடையதே. போனை அணைத்து வை, மனதைப் பழக்கு, தியானம் செய் என்று இந்தப் பிள்ளைகளுக்கு ஆயிரம் பேர் புத்தி சொல்கிறார்கள். என் அப்பா தியானம் செய்தவர் இல்லை. அவருக்குப் பதில் அறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அதனால் முருங்கைக்காய் பறிக்க முடிந்தது. இவளுக்குப் பதில் யாரும் உட்காரவில்லை. போனை அணைத்தால் பயம்தான் கூடும்.

வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமலிருக்க 2017-இலிருந்து பிரான்சிலும் 2024-இலிருந்து ஆஸ்திரேலியாவிலும் சட்டம் வழி செய்கிறது. நம் மக்களவையிலும் 2018-இல் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். வரட்டும், நல்லதுதான். ஆனால் எடுக்காமலிருக்கும் உரிமை பாதிதான். எடுப்பதற்கு இன்னொரு ஆள் இருப்பது மீதிப் பாதி. அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வேலை தெரிந்திருக்க வேண்டும், முடிவெடுக்கிற அதிகாரமும் வேண்டும். அந்தச் செலவுக்கு மனமில்லாத இடத்தில், லீவைச் சேர்த்து வைத்துக் கடைசியில் காசாக்கிக்கொள்ளச் சொல்வார்கள்.

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லீவு கேட்டு வருகிறவரிடம், "எத்தனை நாள்?" என்று கேட்பதற்கு முன்னால், "சார்ஜ் யாருக்கு?" என்று கேளுங்கள். அந்த இடத்துக்கு ஒரு பெயரை எழுதுவது உங்கள் வேலை. பெயர் எழுதாமல் நீங்கள் போடுகிற கையெழுத்துக்கு லீவு என்று பெயர் இல்லை.