தாயின் சொல்லில் மூன்று மணி நேரம்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாத பொழுதில் நாங்கள் இருவரும் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் வாசலில் நின்றோம். விலங்கியல் துறைப் பேராசிரியை எங்களுக்கு நெடுநாள் நண்பர். "விளக்கு எரிந்ததும் மீன் முட்டையிடத் தொடங்கிவிடும். தாமதித்தால் முதல் செல்லைப் பார்க்க முடியாது" என்று முன்னிரவே எச்சரித்திருந்தார். எங்களுள் ஒருவர் அக்கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் கணக்குப் பார்ப்பவர். இருவருக்கும் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பழக்கமில்லை.

இதை எழுதுவது ஒரு கைதான். ஆயினும் 'நான்' என்று தொடங்கிய வரைவுகள் எவையும் இரண்டாம் பத்தியைத் தாண்டவில்லை. ஆகவே 'நாங்கள்'.

மீன், கண்ணாடித் தொட்டிக் கடைகளில் ஜீப்ரா மீன் என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பதுதான். சுண்டுவிரல் நீளம்கூட இராது. உடலின் நெடுக நீலக் கோடுகள். 1822இல் கங்கையின் மீன்களைப் பற்றி நூலெழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் இதற்கு அறிவியற்பெயர் தந்தார். வங்கத்து ஓடைகளிலும் வயல்நீரிலும் திரிந்த அந்த எளிய உயிரை 1970களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். முதுகெலும்புள்ள ஓர் உயிரில் மரபணுக்களின் வேலையை அறிய அவருக்கு அது போதுமென்று தோன்றியது. 1981இல் அவருடைய முதன்மையான கட்டுரை வந்தது. 1984இல் அவர் இறந்தார். 1996 டிசம்பரில், ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் நடந்த இரு பெரும் ஆய்வுகளின் முடிவுகளுக்காக 'டெவலப்மென்ட்' என்னும் ஆய்விதழ் ஓர் இதழ் முழுவதையும் இம்மீனுக்கே ஒதுக்கியது. காரணம் எளிது. தாயின் உடலுக்கு வெளியே வளரும் கரு. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கரு. மறைவாக நிகழ்வதாகவே நாம் எண்ணிப் பழகிய ஒன்று, இங்கே கண்முன் நிகழ்கிறது.

தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகள் பரப்பியிருந்தன. முட்டைகள் அவற்றின் இடுக்குகளில் விழுந்துவிட்டால் தாய்தந்தையர் தின்ன முடியாதாம். பேராசிரியை அவற்றை உறிஞ்சி எடுத்து, ஏறக்குறைய அறுபதை ஒரு சிறு கண்ணாடித் தட்டில் இட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உருண்டை. அதன் உச்சியில் பனித்துளி போல் ஒரு மேடு. அந்த மேடுதான் முதல் செல். முக்கால் மணி நேரத்தில் அது இரண்டாயிற்று. பிறகு கால் மணிக்கு ஒரு முறை, யாரோ தாளம் போடுவதுபோல், எல்லாச் செல்களும் ஒருசேரப் பிளந்தன. நான்கு, எட்டு, பதினாறு. இருபத்தெட்டரைப் பாகை வெப்பத்தில் இந்தத் தாளம் தவறுவதில்லை என்றார் பேராசிரியை.

"இவ்வளவு வேகமாகப் பிரிவதற்கு யார் கட்டளையிடுகிறார்கள்?" என்று கேட்டோம்.

"அம்மா" என்றார் அவர்.

அதன்பின் அவர் சொன்னதையும் நாங்கள் அடுத்த சில மாதங்களில் தேடிப் படித்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம். கருவின் ஒவ்வொரு செல்லிலும் தாய்தந்தையர் தந்த மரபணுக்கள் முழுமையாக இருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் அவற்றை ஏறக்குறைய எவரும் படிப்பதில்லை. முட்டை உருவாகும்போதே தாய் தன் மரபணுக்களிலிருந்து படியெடுத்த ஆயிரக்கணக்கான தூது ஆர்.என்.ஏக்களை அதற்குள் வைத்துவிடுகிறாள். செல்கள் பிளப்பதும் அடுக்கடுக்காய் அமைவதும் அவற்றைக் கொண்டுதான். 'படியெடுத்தல்' என்பது பாடநூல்களில் வழங்கும் கலைச்சொல். ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு அந்தச் சொல் மிகவும் பொருந்திவருகிறது. மரபணுத் தொகுதியைப் புத்தகம் என்று உவமிப்பது எங்களுக்கு அவ்வளவாக உவப்பில்லை. புத்தகத்தில் பத்தி உண்டு, நிறுத்தக்குறி உண்டு, பக்க எண் உண்டு. அது பழைய ஏட்டைப் போன்றது. புள்ளியில்லை, சொற்பிரிப்பு இல்லை. எங்கே தொடங்குவது, எதை விடுவது என்பதை வாசிப்பவரே அறிந்திருக்க வேண்டும். கண்ணாகும் செல்லிலும் வாலாகும் செல்லிலும் இருப்பது ஒரே ஏடுதான், வாசிப்புதான் வேறு.

அப்படியானால் தந்தையின் பங்கு? எங்களுள் கணக்குப் பார்ப்பவர்தான் அதைக் கேட்டார். "மூன்று மணி நேரம்வரை அவருடைய எழுத்து ஒன்றுகூட வாசிக்கப்படுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று பேராசிரியை சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை.

2009ஆம் ஆண்டு சித்திரையில் எங்கள் முதல் கரு ஒன்பதாம் வாரத்தில் நின்றுபோயிற்று. ஸ்கேன் பார்த்த மருத்துவர் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, "வளர்ச்சி நின்னுடுச்சும்மா, துடிப்பு இல்ல" என்றார். அதற்கு முந்தைய வாரம் எங்களுள் தமிழ் கற்பிப்பவர் விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக நான்கு நாட்கள் வெளியூருக்குப் பேருந்தில் போய்வந்திருந்தார். சுமந்தவரும் அவர்தான். பார்க்க வந்த அத்தை வாசற்படியில் நின்றபடியே, "பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கிப் போனா எப்படித் தங்கும்?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். மூன்று நாள் உடனிருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவரும் அவரே. ஆனால் பழி எங்கள் இருவர்மேலும் சமமாக விழவில்லை. எங்களுள் மற்றவர் அப்போது அருகில்தான் இருந்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டாண்டு கழித்து மகள் பிறந்தாள். அத்தையும் அந்தப் பேச்சை மறந்துவிட்டார். எங்கள் வீட்டில் அது போகவில்லை. யாரும் எடுக்காத பொருளாக ஒரு மூலையில் கிடந்தது.

மீனைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது முதலில் எதிர்ப்பட்ட கலைச்சொல்லே எங்களைத் தடுத்து நிறுத்தியது. 'தாய்வழி விளைவு மரபணுக்கள்' என்று ஒரு வகை உண்டு. இவற்றில் பிழையிருந்தால் தந்தை எவ்வளவு நலமாயிருந்தாலும் கரு தேறாது. ஆய்வாளர்கள் 'வீண் சுழற்சி' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு மீன்வகை இதற்குச் சான்று. அந்தத் தாய் இடும் முட்டைகளில் தாய்க்கருவும் தந்தைக்கருவும் ஒன்றையொன்று வந்தடைவதில்லை. ஆயினும் முட்டை நிற்பதில்லை. தாளம் தவறாமல் பிளந்துகொண்டே போகிறது, பெரும்பாலான செல்களுக்குள் குரோமோசோம் இன்றி, வெறுமையாக. இதைப் படித்த இரவு புத்தகத்தை மூடிவிட்டோம். அத்தையின் பேச்சுக்கு ஆய்விதழே சான்று தருவதுபோல் இருந்தது.

சில நாள் கழித்துத்தான் மீண்டும் எடுத்து, அந்தத் தாய்மீனைப் பற்றிய வரிகளைக் கவனித்தோம். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நீந்துகிறாள், உண்கிறாள், விடியலில் முட்டையிடுகிறாள். பிழை அவள் செய்த எதிலும் இல்லை. முட்டை அவளுக்குள் உருவானபோதே நேர்ந்துவிட்டது. தாய்வழி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் குறிக்கிறதே ஒழிய, யார் செய்தது என்பதைக் குறிக்கவில்லை. பிறப்பிடத்தைச் சொல்லும் சொல்லைக் குற்றச்சாட்டாகப் படித்தது எங்கள் பழக்கம். இருபது ஆண்டுகளாக வேற்றுமை உருபு கற்பிப்பவர் வீட்டில் இது நேர்ந்தது சற்று வெட்கந்தான்.

ஆய்வகத்தில் மணி பத்தை நெருங்கியது. "இப்போது பாருங்கள், இதுதான் முக்கியம்" என்றார் பேராசிரியை. பத்தாவது பிளவுச் சுழற்சி, ஐந்நூற்றுப் பன்னிரண்டு செல்கள். தாளம் தளர்ந்தது. ஒன்று முந்த, ஒன்று பிந்த, செல்கள் தத்தம் போக்கில் பிரியலாயின. டொனால்ட் கேனும் சார்லஸ் கிம்மெலும் 1993இல் விரிவாக எழுதிய மாற்றம் இது. கரு தன் சொந்த ஏட்டை விரிவாகப் படிக்கத் தொடங்கும் நேரம் இதுவே. நேரம் வந்துவிட்டதென்று அது எப்படி அறிகிறது? கடிகாரம் கிடையாது. கரு பெரிதாவதில்லை, செல்கள்தாம் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு பிளவிலும் மரபணுப் பொருள் இரட்டிக்கிறது. அதற்கும் அதைச் சூழ்ந்த செல்நீர்க்கும் உள்ள விகிதம் ஓர் எல்லையை எட்டும்போது வாய் திறக்கிறது. கணக்குப் பார்ப்பவருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

வாய் திறக்க வைப்பவையும் தாய் வைத்துப்போனவைதாம். நானோக், பௌ5எஃப்3, சாக்ஸ்19பி ஆகிய மூன்று புரதங்கள் ஏட்டில் எங்கே தொடங்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுகின்றன என்பது 2013இல் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது. நானோக் என்ற பெயர் அயர்லாந்தின் பழங்கதைகளில் வரும் மூப்பில்லாதோர் நாட்டின் பெயரிலிருந்து வந்தது. அறிவியலாரும் கதை படிக்கிறார்கள். இதைவிட எங்களை நிறுத்தியது அடுத்த செய்தி. கரு தானாகப் பேசும் முதற்பேச்சுகளுள் ஒன்று மிர்-430 என்னும் நுண் ஆர்.என்.ஏ. அதன் வேலை தாயின் படிகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் வாலைக் குறுக்கி, அழியச் செய்வது. பல நூறு படிகளை அது இவ்வாறு நீக்குகிறது என்று 2006இல் ஆன்டோனியோ ஹிரால்டஸ், அலெக்சாண்டர் ஷியர் முதலியோர் காட்டினர்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒருவகை நச்சுக் காளானின் நஞ்சை ஒரு செல் கருவிற்குள் செலுத்தினால் படியெடுத்தல் நின்றுவிடும். கரு அப்போதே இறப்பதில்லை. சில மணி நேரம் மற்றக் கருக்களைப் போலவே பிளந்து வளர்கிறது. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. செல்கள் உருண்டையின்மேல் போர்வையாய்ப் பரவத் தொடங்கவேண்டிய கட்டத்தில் அது நின்றுவிடுகிறது. நின்றதை நாம் காண்பது அங்கே. நேர்ந்தது அதற்கு முன்பே.

இதைக் கொண்டு எங்கள் 2009ஐ விளக்கிவிட முடியாது. மனிதக் கரு தன் ஏட்டைப் படிக்கத் தொடங்குவது நான்கு முதல் எட்டுச் செல் கட்டத்தில், ஏறத்தாழ மூன்றாம் நாளில். எங்களுடையது ஒன்பது வாரம் வந்தது. முதல் மூன்று மாதங்களில் நின்றுபோகும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கையில் பிழை இருப்பதாக மருத்துவம் சொல்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை முட்டை முதிரும்போதே நேர்பவை. எங்கள் கருவை யாரும் சோதிக்கவில்லை. அது எந்தப் பாதி என்று இனி அறியவும் வழியில்லை. ஆனால் அந்தப் பேருந்தை எங்கே வைப்பது என்று தேடிப் பார்த்தோம். எங்கும் இடம் கிடைக்கவில்லை.

மாலையில் தட்டில் ஒன்பது முட்டைகள் பால்போல் வெளுத்திருந்தன. பேராசிரியை துளிக்குழாயால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார்; விட்டுவைத்தால் மற்றவற்றின் நீரையும் கெடுத்துவிடும். எங்களுள் கணக்குப் பார்ப்பவர் குழாயைக் கேட்டு வாங்கிக் கடைசி இரண்டையும் தாமே எடுத்தார். வீடு திரும்பும் வழியில், நிறுத்தத்தில் பேருந்துக்காக நிற்கையில், "அன்னைக்கு அத்தைகிட்ட நான் பேசியிருக்கணும்" என்றார். மற்றவர் "ஆமாம்" என்றார். பேருந்து வந்தது, ஏறிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளையும் அழைத்துக்கொண்டு மீண்டும் போனோம். இருபத்து நான்கு மணி நேரம் கடந்திருந்தது. வால் முளைத்துவிட்டிருந்தது, கண்ணுக்கான இடம் தெரிந்தது, இதயம் துடித்துக்கொண்டிருந்தது. நிமிடத்திற்கு எத்தனை துடிப்பு என்று மூவரும் மாறி மாறி எண்ணினோம். மூவர் கணக்கும் ஒத்துவரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினோம்.