போதகர் சொன்னால் போதும்



உங்களில் பலர் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வேலை செய்கிறவர்கள். ஒரு துண்டு தோலா, ரெக்சினா என்று அறிய நீங்கள் அதன் பளபளப்பைப் பார்ப்பதில்லை, திருப்பிப் பார்க்கிறீர்கள். தோலின் அடியில் நார் தெரியும். ரெக்சினின் அடியில் துணி தெரியும். அந்தப் பாடத்தை நான் சென்ற மாதம் என் வீட்டு வாசலில் கற்றேன்.

ஜோலார்பேட்டை ரயில்வேயில் பணியாற்றிய என் தகப்பனார், 1974ஆம் ஆண்டில் ஒரு புல்லட் வாங்கினார். 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், முதலில் இங்கிலாந்தின் ரெடிச் நகரிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியே புல்லட்டுகளைத் தந்தது. பின்னர் பாகங்களையும் இங்கேயே செய்தது. அந்தப் பழைய வண்டிகளைத் தேடிச் சேகரிப்பவர்கள், பாகங்கள் அசலாக இருந்தால் அதிக விலை கொடுக்கிறார்கள்.

மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக அதை விற்க முற்பட்டேன். வாங்க வந்தவர், "எல்லாம் அசல்தானா?" என்று கேட்டார். "எல்லாம் அசல்" என்றேன். "போதகர் சொன்னால் போதும்" என்று சோதிக்காமலே முன்பணம் தந்து சென்றார்.

வண்டியை ஒப்படைக்குமுன் பழுது பார்க்க நம் சபையின் மெக்கானிக் தம்பி வந்தார். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின; எண்களைச் சுற்றி அரம் போட்ட தடமும் இல்லை. பின்பு பெட்ரோல் டேங்கில் காந்தத்தை வைத்தார். ஒரு பக்கம் ஒட்டியது, மறுபக்கம் நழுவியது. "உள்ள பட்டி பூசியிருக்காங்க ஐயா" என்றார். பொன்னிறக் கோட்டின்மேல் நகத்தை ஓட்டினார், விளிம்பு தட்டியது. "இது ஸ்டிக்கருங்க. திருவொற்றியூர் ஃபேக்டரில தூரிகையால கையாலயே கோடு போடுவாங்க. கைக்கோடு ஒரு இடத்துல மெலியும், ஒரு இடத்துல தடிக்கும்."

அப்பொழுது நினைவுக்கு வந்தது. தகப்பனார் ஒருமுறை கீழே விழுந்து டேங்க் நசுங்கியது; பட்டறைக்கு அதைத் தள்ளிச் சென்றவனே நான்தான். மறந்துவிட்டேன் என்று உங்களுக்குச் சொல்லலாம். ஆனால் விலை பேசிய அந்த நிமிடத்தில் நான் நினைவுகூர விரும்பவில்லை என்பதே உண்மை.

அன்று மாலையே அவரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாயிருந்தார். 20,000 ரூபாய் குறைத்துக்கொண்டு வண்டியை எடுத்துச் சென்றார். எனக்கு அது சிறிய தொகை அன்று.

பிரியமானவர்களே, ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் பழுது பார்த்த இடம் இருப்பது குற்றமல்ல. பழுது பார்த்ததை அசல் என்றதும், அந்தச் சொல்லுக்கு என் ஊழியத்தை ஜாமீன் வைத்ததுமே குற்றம். எல்லாவற்றையும் சோதித்தறியும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினபோது (1 தெச. 5:21), போதகரின் வார்த்தைக்கு அவர் விலக்கு அளிக்கவில்லை.

"உங்கள் வார்த்தையே போதும்" என்று யாராவது உங்களிடம் சொல்லும்போது மகிழ்ந்துவிடாதிருங்கள். அவர் சோதிக்காமல் விட்டதை, அவருக்காக நீங்களே திருப்பிப் பாருங்கள்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.