மணிலாவில் மகள் படிக்கிறாள்

பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அதற்காகக் கடல் தாண்டிப் போவாள் என்று யார் கண்டார்கள்! கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தவளுக்கு 2019-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே பட்டம் வாங்கியவர்களைத்தான் மருத்துவத்தில் சேர்க்கிறார்கள். படிப்பு நாலு வருஷம். (இப்போது பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2021 நவம்பரில் நம் நாட்டில் வந்த விதிப்படி, மருத்துவப் படிப்பு மட்டும் 54 மாதமாவது இருக்க வேண்டும்; அப்புறம் 12 மாதப் பயிற்சியும் அங்கேயே. இவள் அதற்கு முன்பே சேர்ந்தவள்.) அவளைக் குடிவைக்க ஆகஸ்டில் நானும் போய் ஒரு மாதம் இருந்தேன்.

மணிலா என்றால் ஒரு ஊர் இல்லை. பதினாறு நகரங்களும் ஒரு சிற்றூரும் ஒட்டிக்கொண்ட பெருநகரம். புழுக்கம் சென்னையைத் தோற்கடிக்கும். ஊர் முழுக்க 'ஜீப்னி' ஓடுகிறது. உலகப் போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிக் கட்டி ஆரம்பித்த வண்டியாம். கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் கொடுக்கிற காசு கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போகிறது. மீதிச் சில்லறையும் அப்படியே திரும்பி வருகிறது! இறங்க வேண்டுமானால் "பாரா போ" என்கிறார்கள். இந்தப் 'போ' விரட்டுகிற 'போ' இல்லை. நம் கொங்குப் பேச்சின் 'ங்க' மாதிரி, மரியாதைக்குச் சேர்ப்பது.

மார்க்கெட்டில் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை! பெயர் 'மலுங்காய்'. பாகற்காய், பீர்க்கங்காய், புளி எல்லாம் உண்டு. புளி கரைத்து 'சினிகாங்' என்று ஒரு சூப் வைக்கிறார்கள். நம் ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம். மூன்று வேளையும் சோறுதான். கருவாட்டு வாடைதான் கொஞ்சம் தூக்கல்.

மகளுக்கு முதல் இரண்டு வாரம் சோறே இறங்கவில்லை. பிரேத அறுவை வகுப்பு. மூன்று தரம் தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் ஃபார்மலின் வாடை போகவில்லை என்று அழுதாள். நான் தலையைத் துவட்டிவிட்டேனே தவிர, என்ன சொல்வது என்று தெரியவில்லை. பாடமெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் நோயாளி இங்கிலீஷிலா முனகுவார்? அதனால் ராத்திரியில் டகாலாக் மொழியை உருப்போட்டாள். முதலில் கற்றது, "சாஆன் போ மசாகிட்?" எங்கே வலிக்குதுங்க?

அந்த ஆகஸ்டில்தான் அந்த நாட்டில் டெங்குவைத் தேசிய அளவிலான கொள்ளைநோய் என்று அறிவித்தார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாவின் பேரனுக்கு ஆறு வயது. நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று பாட்டிக்கு ஒரே சந்தோஷம். பையனோ சுருண்டு கிடந்தான். என் மகள் குனிந்து, தனக்குத் தெரிந்த அந்த ஒரே கேள்வியைக் கேட்டாள். அவன் வயிற்றில் கை வைத்தான். காலையிலிருந்து வாந்தியும் இருந்ததாம். "அம்மா, ஜுரம் விடுகிற சமயம்தான் டெங்குவில் ஆபத்து. சீனியர் அக்கா சொல்லியிருக்காங்க. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது" என்றாள். கை நடுங்கியது அவளுக்கு. முதல் வருஷப் பெண்தானே, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம்.

உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டெங்குதான். சலைன் ஏற்றினார்கள். நம் பெரியாஸ்பத்திரி போலவே அங்கேயும் நோயாளிக்குத் துணையாக வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும். 'பந்தாய்' என்று பெயர். பாட்டி இருந்தார். நான் காலையில் கஞ்சி கொண்டு போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு டகாலாக் தெரியாது. என்னைப் பார்த்ததும் ஏதோ கேட்டார். மகள் சிரித்தபடி மொழிபெயர்த்தாள்: "சாப்பிட்டாச்சான்னு கேட்கறாங்கம்மா. இங்கே எல்லோரையும் அப்படித்தான் விசாரிப்பாங்க."

ஐந்தாம் நாள் பையன் வீடு வந்தான். அன்று ராத்திரி என் மகள் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள்.