எழுபது வளைவும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

பொட்டி தட்டுறவன் கையில கல்யாண வேலையைக் குடுத்தாலும் அதை எக்ஸெல் ஷீட்டாத்தான் திருப்பித் தருவான். 2023 டிசம்பர்ல எங்க டீம் மக்கள் கொல்லிமலைக்கு பைக்ல போலாம்னு ஆரம்பிச்சப்ப, பிளான் போடற பொறுப்பு என் தலையில விழுந்தது. விழுந்ததுன்னு சொல்றது பொய். நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.

ஏழு வண்டி, ஒன்பது பேர். பெங்களூர்ல காலை நாலரைக்குக் கிளம்பறோம். கிருஷ்ணகிரியில டீ. தொப்பூர் இறக்கத்தை வெளிச்சம் வந்தப்புறம்தான் தாண்டணும் (அங்க லாரிக்காரங்க நியூட்ரல்ல இறங்குறதை நினைச்சாலே வயித்தைக் கலக்கும்). சேலத்துல இட்லி. அப்புறம் ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. ஒவ்வொண்ணுக்கும் நேரம், பெட்ரோல், செலவுன்னு தனித்தனி காலம். கலர் எல்லாம் அடிச்சிருந்தேன், ஹி ஹி. ஷீட்டோட கடைசி வரி இதுதான்: 'காரவள்ளி - சோளக்காடு, 70 கொண்டை ஊசி வளைவு, 50 நிமிஷம்'.

அந்த 50 எங்கேர்ந்து வந்ததுன்னா, அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அந்த மலையில நான் தனியா ஏறியிருக்கேன். எனக்கு ஆன நேரம், அதோட ஒரு பத்து நிமிஷம். அவ்ளோதான் நம்ம ஆராய்ச்சி.

குரூப்ல ஒரு தம்பி. பேரு வேணாம், ஜூனியர்னு வச்சுக்குவோம். லைசென்ஸ் வாங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்தது, மலை ரோட்டுல ஓட்டினதே கிடையாது. மெதுவா போறவன் கடைசியில வரட்டும், யாருக்கும் தொந்தரவில்லன்னு அவனை ஏழாவது வண்டியா போட்டேன். நியாயமாத்தான் பட்டுச்சு.

காரவள்ளி செக்போஸ்ட் தாண்டினதும் ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்ட போர்டு வரும். 1/70, 2/70ன்னு. அந்த நம்பர் ஒரு போதை சார். அடுத்தது, அடுத்தது... முன்னாடி போன நாலு பேருக்கும் அதே ஜுரம்தான். 70 முடிஞ்சு சோளக்காட்டுல வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தா 48 நிமிஷம்! வானத்துல பறந்தேன். அங்க சந்தையில முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விப்பாங்க, பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், ஆனா சைவம். ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடிச்சுட்டு போட்டோவும் எடுத்தாச்சு. அப்புறம்தான் ஒருத்தர் வண்டியை எண்ணினாரு. ஆறு.

போன் போட்டா போகலை. புல்லட் நண்பரைப் பின்னாடி ஏத்திக்கிட்டுக் கீழ இறங்கினேன். 69, 68, 67... ஏறும்போது போதையா இருந்த அதே நம்பர், இறங்கும்போது அடிவயித்துல குத்துச்சு. ஒவ்வொரு வளைவுலயும் ரோட்டைப் பார்க்காம பள்ளத்தைப் பார்த்தேன்.

நாப்பத்தி சொச்சத்துல கைப்பிடிச் சுவர் மேல உக்காந்திருந்தான். முழங்கால்ல பேண்ட் கிழிஞ்சு ரத்தம், கிளட்ச் லீவர் பாதி உடைஞ்சிருந்தது. வாழைத்தார் ஏத்திக்கிட்டு வந்த ரெண்டு பேர் வண்டியைத் தூக்கி நிறுத்திட்டு, தண்ணியும் குடுத்துட்டுப் போயிருக்காங்க. எங்களைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை:

"சாரிண்ணா. ஷீட்டுல லேட்டாயிடுச்சு."

கிண்டல் இல்லைங்க. நிஜமாவே மன்னிப்பு கேட்டான்.

நடந்தது இதுதான். இடதுபக்கம் திரும்புற கொண்டை ஊசியில உள்பக்கம்தான் ரொம்பச் செங்குத்து. முதல் இருபது வளைவையும் ஒழுங்கா ஃபர்ஸ்ட் கியர்லதான் எடுத்திருக்கான். அப்புறம் எங்க யாரோட வண்டியும் கண்ணுல படலை. எட்டிப் பிடிக்கணும்னு செகண்ட் கியர்லயே உள்ள நுழைஞ்சிருக்கான். பாதி வளைவுல வண்டி திணறி நின்னு, பின்னாடி உருள ஆரம்பிச்சிடுச்சு. முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சவன் அப்படியே சாய்ஞ்சுட்டான். பின்னாடி பஸ் எதுவும் வரலை. இதை டைப் பண்ணும்போதும் கை ஒரு நிமிஷம் நிக்குது.

வரிசையில போற வண்டிங்க ரப்பர் பேண்ட் மாதிரி. முதல் ஆள் வளைவு முடிஞ்சு முறுக்கும்போது, கடைசி ஆள் இன்னும் முந்தின வளைவுலயே இருப்பான். விட்ட இடைவெளியைப் பிடிக்க, எல்லாரையும் விட வேகமா போக வேண்டியவன் அவன்தான். நான் அந்த இடத்துல வச்சது, எங்கள்லயே ஓட்டத் தெரியாதவனை. ஆபீஸ்ல சர்வர் மெதுவா இருந்தா 'ஆவரேஜைப் பார்க்காதே, மோசமான கேஸைப் பாரு'ன்னு அடுத்தவனுக்குக் கிளாஸ் எடுக்குற ஆளு நான்!

புல்லட் நண்பர் அவன் வண்டியை ரெண்டு விரல் கிளட்ச்சுல மேல கொண்டுவந்தாரு. ஆகாய கங்கைக்குப் படியிறங்குற பிளான் அன்னிக்கு கேன்சல். ஆயிரத்துக்கும் மேல படி, அந்த முழங்காலோட எங்க இறங்க?

போன மாசம் மறுபடி போனோம். அஞ்சு வண்டிதான். ஜூனியரை எனக்கு அடுத்து ரெண்டாவதா விட்டோம், அவன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். கடைசியில புல்லட் நண்பர், டூல்ஸும் முதலுதவிப் பையும் அவர்கிட்ட. கண்ணாடியில பின்னாடி வண்டி தெரியலைன்னா நிக்கணும். நீ நின்னா முன்னாடி போறவனுக்கும் நீ தெரிய மாட்டே, அவனும் நிப்பான். சிக்னல் இல்லாத மலையில இதைவிட நல்ல நெட்வொர்க் எனக்குத் தெரியலை. நம்பர் போர்டு இருக்கே, பத்து பத்து வளைவுக்கு ஒரு தடவை எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் நின்னோம். இறங்கும்போது ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி (சாலை விதியிலேயே இருக்கு, பாதிப் பேருக்குத் தெரியாது), பிரேக்கையே பிடிச்சுக்கிட்டு வராம சின்ன கியர்ல இன்ஜினை விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தணும். ஷீட் இந்தத் தடவையும் உண்டு, பழக்கம் விடுமா? நேரம்ங்கிற காலத்தை மட்டும் தூக்கிட்டேன்.

நாப்பத்தி சொச்சத்துல கண்ணாடியையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஃபர்ஸ்ட் கியர், ஒரு ஹாரன், வெளிப்பக்கமா அகலமா எடுத்துத் திரும்பினான். என்னைப் பார்த்துக் கையெல்லாம் காட்டலை, ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்.

சோளக்காடு போய்ச் சேர்ந்தப்ப சூப் தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க. அன்னாசிப்பழம்தான் கிடைச்சது.